கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டவர்கள்

அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1950 பிப்ரவரி 2 அன்று தொடங்கி 1967 செப்டம்பர் 3 வரை ஓடிய ‘வாட்ஸ் மை லைன்?’ (‘என் தொழில் என்ன?’) என்ற நிகழ்ச்சியை நான் சில ஆண்டுகளாக யூடியூபில் தொடர்ந்து பார்த்துவருகிறேன். கறுப்பு வெள்ளைப் படம், அரை மணி நேரம், நீளமான ஒரு மேசை, அதன் பின்னால் நான்கு பேர், ஓரத்தில் ஒரு கரும்பலகை, அவ்வளவுதான். நான் ஒருபோதும் வாழாத ஒரு நகரத்தில், நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன ஒரு நிகழ்ச்சிக்காக எனக்குள் ஏன் இப்படி ஓர் ஏக்கம் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றும் காரணம் இதுதான்: இன்றைய தொலைக்காட்சிக்குப் பிரபலங்கள் தங்களைக் காட்டிக்கொள்ள வருகிறார்கள், அந்த நிகழ்ச்சிக்கு அவர்கள் தங்களை ஒளித்துக்கொள்ள வந்தார்கள். அதுவும், சற்று முன்புவரை யாரோ ஒரு சாதாரண மனிதர் உட்கார்ந்திருந்த அதே நாற்காலிக்கு வந்தார்கள்.

விளையாட்டின் விதிகள் மிக எளியவை. விருந்தினர் உள்ளே வந்து கரும்பலகையில் தன் பெயரை எழுதிவிட்டு, நடத்துநருக்குப் பக்கத்தில் உட்காருவார். அவர் என்ன தொழில் செய்கிறார் என்பது வீட்டில் பார்ப்பவர்களுக்குத் திரையில் எழுத்தாகக் காட்டப்படும். அரங்கில் இருப்பவர்களுக்கும் தெரியும். மேசைக்குப் பின்னால் இருக்கும் நால்வருக்கு மட்டும் தெரியாது. ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் பதில் வரக்கூடிய கேள்விகளை அவர்கள் கேட்க வேண்டும். ஒவ்வோர் ‘இல்லை’க்கும் நடத்துநர் ஒரு அட்டையைத் திருப்புவார், விருந்தினருக்கு ஐந்து டாலர் சேரும், கேள்வி அடுத்தவருக்குப் போகும். பத்து ‘இல்லை’ சேர்ந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. பரிசு 50 டாலர். நம் ஊர்களில் புதிதாக ஓர் ஆள் தெருவில் நடந்துபோனால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் “தம்பி யார் வீட்டுப் பிள்ளை?” என்று தொடங்கி, எந்த ஊர், எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டுக்கேட்டே அவரை முழுதாகத் தெரிந்துகொண்டுவிடுவார்களே, அந்த விசாரணையின் சுவைதான் இதிலும் இருந்தது. விடை நமக்கு முன்பே தெரிந்திருப்பதால் நாம் புதிருக்காகக் காத்திருப்பதில்லை. புத்திசாலிகளான நான்கு பேர் இருட்டில் எப்படித் துழாவுகிறார்கள் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த நால்வரையும் நடத்துநரையும் பற்றிச் சொல்லாமல் இந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேச முடியாது. நடத்துநர் ஜான் சார்லஸ் டேலி அடிப்படையில் ஒரு செய்தியாளர். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட செய்தியையும், 1945 ஏப்ரலில் அதிபர் ரூஸ்வெல்ட் இறந்த செய்தியையும் சி.பி.எஸ். வானொலியில் சொன்ன குரல் அவருடையது. ஐம்பதுகளில் போட்டி நிறுவனமான ஏ.பி.சி.யின் செய்திப் பிரிவுக்குத் தலைவராக இருந்துகொண்டே ஞாயிறு இரவுகளில் சி.பி.எஸ்.ஸுக்கு வந்து இந்த நிகழ்ச்சியை நடத்தினார். ஒரு கேள்விக்கு வெறும் ‘ஆம்’ என்று சொன்னால் குழு தவறான வழியில் போய்விடும் என்று தோன்றினால், அவர் குறுக்கிட்டு, துணைவாக்கியங்களை அடுக்கடுக்காகச் சேர்த்து, எந்தப் பொருளில் ‘ஆம்’, எந்தப் பொருளில் ‘இல்லை’ என்று நீண்ட விளக்கம் ஒன்றைத் தருவார். அந்த விளக்கத்தின் முடிவில் குழுவினர் முன்னைவிட அதிகமாகக் குழம்பிப்போயிருப்பார்கள். ஆனாலும் ஓர் உப்புப்பெறாத விளையாட்டில்கூட யாருக்கும் அநியாயம் நடந்துவிடக் கூடாது என்ற அவருடைய கவனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

மேசையின் ஒரு பக்கத்தில் டாரதி கில்காலன், நியூயார்க் நாளிதழ் ஒன்றின் பத்தி எழுத்தாளர், கொலை வழக்குகளை நீதிமன்றத்தில் உட்கார்ந்து எழுதியவர். ஒரு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணை போலவே அவருடைய கேள்விகள் வரிசையாக வரும். வெற்றி அவருக்கு உண்மையாகவே வேண்டியிருந்தது. நடிகை ஆர்லின் பிரான்சிஸ் நேர்மாறானவர். கழுத்தில் இதய வடிவப் பதக்கம், எப்போதும் வெடிக்கக் காத்திருக்கும் சிரிப்பு. விருந்தினர் பதற்றமாக இருந்தால் முதலில் அந்தப் பதற்றத்தைத் தணித்துவிட்டுத்தான் கேள்விக்கு வருவார். இன்னொரு பக்கத்தில் பென்னட் செர்ஃப், ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தை நிறுவிய இருவரில் ஒருவர். ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசஸ்’ நாவல்மீது அமெரிக்காவில் இருந்த தடையை 1933-ல் நீதிமன்றத்தில் உடைத்தவர் இவர்தான். சிலேடை சொல்லாமல் அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முடியாது. நான்காவது நாற்காலி நகைச்சுவையாளர்களுடையது. 1953-ல் அங்கே வந்து உட்கார்ந்த ஸ்டீவ் ஆலன், ஒரு பொருளின் அளவைத் தெரிந்துகொள்ள, அது ரொட்டி வைக்கும் பெட்டியைவிடப் பெரியதா என்று கேட்டார். அந்தக் கேள்வி அமெரிக்கர்களின் அன்றாடப் பேச்சிலேயே நிலைத்துவிட்டது.

செர்ஃப் உட்கார்ந்த நாற்காலிக்கு ஒரு கசப்பான முன்கதை உண்டு. முதல் ஆண்டில் அங்கே இருந்தவர் கவிஞரும் தொகுப்பாளருமான லூயி அன்டர்மெயர். இடதுசாரி என்று முத்திரை குத்தப்பட்டவர்களைத் தொலைக்காட்சியும் சினிமாவும் துரத்திக்கொண்டிருந்த காலம் அது. அவருக்கு எதிராகப் போராட்டங்களும் கடிதங்களும் வந்ததும், விளம்பரதாரரின் நெருக்கடிக்குப் பணிந்து 1951-ல் அவரை நிகழ்ச்சியிலிருந்து நீக்கினார்கள். பத்தாண்டுகளுக்குப் பிறகு அதே மனிதர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் கவிதை ஆலோசகராக நியமிக்கப்பட்டார். அந்தக் காலத்தின் கனிவையும் நாகரிகத்தையும் எண்ணி நான் ஏங்கும்போதெல்லாம் அன்டர்மெயரையும் கூடவே நினைத்துக்கொள்கிறேன். இவ்வளவு மென்மையான ஒரு மேசைக்கு அடியிலேயே அந்தப் பயமும் இருந்தது.

இனி மர்ம விருந்தினர், அதாவது முகத்தைப் பார்க்காமலே யாரென்று குழு கண்டுபிடிக்க வேண்டிய பிரபலம். ஒவ்வொரு வாரமும் ஒரு கட்டத்தில், பெரும்பாலும் நிகழ்ச்சியின் பிற்பகுதியில், குழுவினர் கண்கட்டுகளை எடுத்து அணிந்துகொள்வார்கள். பெண்களின் கண்கட்டுகள் அவர்களுடைய மாலை நேர உடைக்குப் பொருத்தமாக இருக்கும். அரங்கம் அமைதியாகும். யாரோ ஒருவர் உள்ளே நுழைவார், கைத்தட்டல் எழும், சுண்ணக்கட்டி பலகையில் உரசும் ஓசை கேட்கும். அந்தக் கைத்தட்டலின் நீளமே குழுவுக்கு முதல் தடயம். முதல் மர்ம விருந்தினர் யாங்கீஸ் அணியின் பேஸ்பால் வீரர் பில் ரிசூட்டோ. அவருக்குப் பிறகு வந்தவர்களின் வரிசை ஒரு நூற்றாண்டின் வருகைப் பதிவேடு: 1953-ல் எலினார் ரூஸ்வெல்ட், அதே ஆண்டில் அன்று வெறும் நடிகராக மட்டுமே இருந்த ரொனால்ட் ரீகன், 1954-ல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், 1956-ல் வால்ட் டிஸ்னியும் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டும்.

இவர்கள் எல்லோருக்கும் அங்கே ஒரே வேலைதான்: தன் குரலை மறைக்க வேண்டும். கோடிக்கணக்கானவர்கள் அறிந்த குரலை உடையவர் கீச்சுக்குரலில் பேசுவார், முனகுவார், வேற்று நாட்டு உச்சரிப்பை வரவழைத்துக்கொள்வார், சிலர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடத்துநரைப் பதில் சொல்லவைப்பார்கள். கில்காலனும் செர்ஃபும் நாளிதழ்களைக் கரைத்துக் குடித்தவர்கள். இந்த வாரம் எந்தப் படம் வெளியாகிறது, பிராட்வேயில் எந்த நாடகம் தொடங்குகிறது, அதற்காக யார் நியூயார்க் வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. “இப்போது பிராட்வே மேடையில் நடித்துக்கொண்டிருக்கிறீர்களா?” என்ற கேள்வி வந்துவிட்டால் விருந்தினரின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். தன்னைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயமும், கண்டுபிடிக்காமலே போய்விடுவார்களோ என்ற இன்னொரு பயமும் ஒரே முகத்தில் மாறிமாறி வந்துபோகும். நட்சத்திரங்களின் முகத்தில் இப்படி ஒரு மாற்றத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எந்தப் பேட்டியும் அதை வரவழைக்க முடியாது, ஏனென்றால் பேட்டியில் கேட்பவருக்கு எதிரில் இருப்பவர் யாரென்று தெரியும்.

1957 ஜனவரி 27 அன்று வந்தவர் ஓவியர் சால்வடோர் டாலி. பலகையில் பெரிதாகக் கையெழுத்திட்டுவிட்டு, முறுக்கிய மீசையோடு வந்து உட்கார்ந்தார். அவருக்குக் குரலை மாற்றத் தெரியாது; மாற்ற வேண்டும் என்ற எண்ணமும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவரைப் போல அந்தக் குழுவைத் திணறடித்தவர்கள் குறைவு. காரணம், எதைக் கேட்டாலும் ‘ஆம்’ என்றார். மேடையில் தோன்றுபவரா? ஆம். எழுதுபவரா? ஆம். விளையாட்டுத் துறையோடு தொடர்பு உண்டா? அதற்கும் ஆம். டேலி பதறிப்போய், அந்தப் பதிலை அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று குழுவுக்கு விளக்கத் தொடங்குவார். டாலி தன் பதிலில் உறுதியாக இருப்பார். இந்த மனிதர் செய்யாத வேலையே கிடையாதா என்று கண்கட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வியக்கும். கடைசியில் மீசையைப் பற்றிக் கேட்டுத்தான் அவரைப் பிடித்தார்கள். இதைப் பலரும் வேடிக்கைக் காட்சி என்று பகிர்கிறார்கள். எனக்கு அது அதைவிட மேலானது. தான் செய்வது எல்லாம் கலை என்று நம்பிய ஒருவர், ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டே சொற்களுக்குள் தன்னை அடைக்கச் சொன்னபோது, பொய் சொல்லாமல் பதில் சொல்ல முயன்றார் என்றுதான் நான் நினைக்கிறேன். அவருடைய ஓவியங்களைப் பற்றிய பல பக்க விளக்கங்கள் தராத ஒரு தெளிவை அந்தச் சில நிமிடங்கள் எனக்குத் தந்தன.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மர்ம விருந்தினருக்கு வந்துபோனதற்காக 500 டாலர் தனியே கொடுக்கப்பட்டது. ஆனால் ஆட்டத்தின் பரிசு அவருக்கும் அதே 50 டாலர்தான். பெரும்பணம் புழங்கிய வினாடி வினா நிகழ்ச்சிகள் அதே காலத்தில்தான் கொடிகட்டிப் பறந்தன. ‘ட்வென்டி ஒன்’ நிகழ்ச்சியில் 1,29,000 டாலர் வென்று நாட்டின் செல்லப்பிள்ளையான சார்லஸ் வான் டோரன், விடைகள் தனக்கு முன்பே தரப்பட்டன என்று 1959-ல் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். அந்த வகை நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. ‘வாட்ஸ் மை லைன்?’ மட்டும் ஆடாமல் அசையாமல் நின்றது. ஐம்பது டாலருக்காக யாரும் மோசடி செய்யப்போவதில்லை என்பது ஒரு காரணம். வெல்வதும் தோற்பதும் அங்கே ஒரு பொருட்டே இல்லை என்பது இன்னொரு காரணம். குழு தோற்கும் நிலை வந்தால் டேலி மீதியுள்ள அட்டைகளையெல்லாம் ஒரே கையால் திருப்பிவிட்டு, விருந்தினருக்கு முழுப் பரிசையும் கொடுத்துவிடுவார்.

பிரபலங்களைத் தேடி அந்த நிகழ்ச்சிக்குள் போனவன், அங்கே தொழிலாளர்களுக்காகத் தங்கிவிட்டேன். முதல் வாரம் முதலில் வந்து உட்கார்ந்தவர் நியூயார்க்கின் ஒரு பெரிய கேளிக்கை விடுதியில் வாடிக்கையாளர்களின் தொப்பிகளையும் கோட்டுகளையும் வாங்கி வைக்கும் பெண். அவருக்குப் பின் வந்த பதினேழு ஆண்டுகளில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் தொழில்களில் பல இன்று உலகிலேயே இல்லை. 1951 முதல் 1963 வரை இதே நிகழ்ச்சியை எய்மன் ஆண்ட்ரூஸ் நடத்த, பி.பி.சி. பிரிட்டனில் ஒளிபரப்பியது. அதில் வந்தவர்களில் இன்றுவரை ஆங்கிலேயர்கள் சொல்லிச் சிரிக்கும் ஒருவர், ஸ்டோக் பகுதியின் மண்பாண்டத் தொழிற்சாலையிலிருந்து வந்தவர். சூளைக்குள் பீங்கான் பாத்திரங்களைப் பாதுகாப்பாக அடுக்கி வைக்கக் களிமண்ணால் பெட்டி செய்வார்கள். அந்தப் பெட்டியின் அடிப்பாகத்துக்கான களிமண்ணை இரும்பு வளையத்துக்குள் போட்டு, மரச் சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்குவதுதான் அவருடைய வேலை. அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் இருந்த பெயர் சிரிப்பை வரவழைத்தது உண்மை. எனக்கோ, நாடே பார்க்கும் ஒரு நேரத்தில் அந்தத் தொழிலாளிக்கு நாற்காலி போட்டு, நான்கு படித்தவர்கள் அவருடைய கைகள் என்ன செய்கின்றன என்று தெரிந்துகொள்ள அவ்வளவு பாடுபட்டார்கள் என்பதுதான் முக்கியம். அமெரிக்க நிகழ்ச்சியில் 1963-ல் வெள்ளைக் கோட்டும் குறுந்தாடியுமாக ஒரு பெரியவர் வந்தார். கண்கட்டு எதுவும் தேவைப்படவில்லை, அவரை அந்தக் குழுவில் யாருக்கும் தெரியாது. கென்டக்கி வறுத்த கோழியின் கர்னல் சாண்டர்ஸ் அவர்.

இந்த நிகழ்ச்சியைத் தயாரித்த மார்க் குட்சனும் பில் டாட்மனும் 1952-ல் தொடங்கிய ‘ஐவ் காட் எ சீக்ரெட்’ இன்னும் ஒரு படி மேலே போனது. அதை நடத்தியவர் கேரி மூர். விருந்தினர் தன் ரகசியத்தை அவர் காதில் சொல்வார், குழு அதைக் கண்டுபிடிக்க வேண்டும். 1956 பிப்ரவரியில் 95 வயதான சாமுவேல் சீமோர் என்ற முதியவர் வந்தார். விடுதியின் படிக்கட்டில் விழுந்து கண்ணருகே வீங்கியிருந்தது. வராவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லியும் அவர் வந்திருந்தார். அவருடைய ரகசியம், 1865 ஏப்ரல் 14 அன்று ஃபோர்ட் நாடக அரங்கில் ஐந்து வயதுக் குழந்தையாக உட்கார்ந்து, ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டதைப் பார்த்தது. அந்த வயதில் அவருக்குச் சுடப்பட்டவரைப் பற்றி ஒன்றும் புரியவில்லை. மாடத்திலிருந்து மேடையில் விழுந்த மனிதருக்கு அடிபட்டிருக்குமே என்றுதான் அந்தக் குழந்தை கவலைப்பட்டது. விழுந்தவன் கொலையாளி பூத். குழு ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டது. நிகழ்ச்சியின் விளம்பரதாரர் ஒரு சிகரெட் நிறுவனம். சீமோர் சுங்கான் பிடிப்பவர் என்பதால் அவருக்குச் சிகரெட்டுக்குப் பதில் ஒரு டப்பா புகையிலை கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 12 அன்று, அவர் இறந்துபோனார். லிங்கன் காலத்துக் கண் ஒன்று தொலைக்காட்சிக் கேமராவைப் பார்த்த அந்தச் சில நிமிடங்களை நான் எத்தனை முறை பார்த்தாலும் உடல் சிலிர்க்கிறது.

மறு ஆண்டு, 1957-ல், அதே நிகழ்ச்சிக்கு ‘டாக்டர் எக்ஸ்’ என்ற பெயரில் மெலிந்த ஒரு மனிதர் வந்தார். அவர் கண்டுபிடித்தது பயன்படுத்தும்போது வலி தரக்கூடிய ஏதாவது இயந்திரமா என்று ஒருவர் கேட்டபோது, ஆமாம், சில சமயம் மிகவும் வலிக்கும் என்றார். குழுவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் ஃபைலோ ஃபார்ன்ஸ்வர்த். பதினான்கு வயதிலேயே மின்னணுத் தொலைக்காட்சிக்கான யோசனையை உருவாக்கியவர். தொலைக்காட்சியிலேயே வேலைசெய்து பிழைத்த நான்கு பேருக்குத் தொலைக்காட்சியைத் தந்தவரைத் தெரியவில்லை. 80 டாலரும் ஒரு கட்டு சிகரெட்டும் வாங்கிக்கொண்டு அவர் போனார். பிறகு 1960-ல் இசையமைப்பாளர் ஜான் கேஜ் வந்து, குளியல் தொட்டி, பிரஷர் குக்கர், பனிக்கட்டி, ஐந்து வானொலிப் பெட்டிகள் ஆகியவற்றை வைத்து ஒரு படைப்பை நிகழ்த்தினார். வானொலிகளுக்கு மின்சார இணைப்பு கொடுப்பது எந்தத் தொழிற்சங்கத்தின் வேலை என்ற தகராறு தீராததால், அவற்றை இயக்க வேண்டிய இடங்களில் தட்டினார், நிறுத்த வேண்டிய இடங்களில் மேசையிலிருந்து கீழே தள்ளினார். மக்கள் சிரிப்பார்கள் என்று மூர் முன்பே சொன்னபோது, கண்ணீரைவிடச் சிரிப்பு மேல் என்று அமைதியாகப் பதில் சொன்னார். அப்படி ஒரு கலைஞருக்கு மாலை நேரப் பொழுதுபோக்கில் பல நிமிடங்களை ஒதுக்கும் துணிவு இன்று எந்த அலைவரிசைக்கு இருக்கிறது?

அந்தப் பழைய நிகழ்ச்சிகளில் இன்று பார்க்கும்போது முகம் சுளிக்கவைக்கும் பகுதிகளும் இருக்கின்றன. அழகான பெண் உள்ளே வந்தால் அரங்கிலிருந்து விசில் பறக்கும். ஒரு பெண் கனரக வேலை எதையாவது செய்கிறார் என்றால் அதுவே நகைச்சுவையாகிவிடும். நிரந்தரக் குழுவில் இருந்தவர்கள் அனைவரும் நியூயார்க்கின் வசதியான வெள்ளையர்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு அந்தக் காலத்தைப் போற்ற என்னால் முடியாது.

ஆனால் நேரடி ஒளிபரப்பு என்பதால் அங்கே எதையும் பூசி மெழுக முடியவில்லை. 1956 மார்ச் 17 சனிக்கிழமை இரவு, குழுவில் இருந்த நகைச்சுவையாளர் ஃபிரெட் ஆலன் திடீரென்று இறந்துவிட்டார். மறுநாள் அவருடைய நாற்காலியில் ஸ்டீவ் ஆலன் வந்து உட்கார்ந்தார். நிகழ்ச்சி வழக்கம்போல நடக்க வேண்டும் என்பது இறந்தவருடைய மனைவியின் விருப்பம். 1965 நவம்பர் 7 ஞாயிறன்று நிகழ்ச்சியை முடித்துவிட்டுப் போன கில்காலன் மறுநாள் வீட்டில் இறந்து கிடந்தார். அடுத்த வாரம் அந்த இடத்தில் உட்கார்ந்த கிட்டி கார்லைல், தான் டாரதியின் இருக்கையில் இருக்கிறேனே தவிர அவருடைய இடத்தை யாராலும் எடுத்துக்கொள்ள முடியாது என்றார். அது உண்மையாகவும் ஆனது. கடைசிவரை அந்த இருக்கைக்கு நிரந்தரமாக யாரும் வரவில்லை.

ஒளிபரப்பின்போது திரையையே படமெடுத்து வைத்த பிரதிகளால்தான் இவையெல்லாம் இன்று நமக்குக் கிடைக்கின்றன. தொடக்க ஆண்டுகளின் பிரதிகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டுவிட்டன. பின்னர் தயாரிப்பாளர்கள் தங்கள் செலவில் பாதுகாக்கத் தொடங்கியதால் எஞ்சியவை பிழைத்தன. புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் டாலியில் தொடங்கச் சொல்வேன். பிறகு யாரும் அறியாத தொழிலாளர்கள் வரும் ஏதாவது ஒரு வாரத்தை முழுதாகப் பார்க்கச் சொல்வேன். அதன் பிறகு 1967 செப்டம்பர் 3 அன்று ஒளிபரப்பான கடைசி நிகழ்ச்சியை. அன்றைய மர்ம விருந்தினர் ஜான் டேலி. அழைத்த பிரபலம் ஏதாவது ஒரு வாரம் வராமல் போனால் தானே அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று அத்தனை ஆண்டுகளாக அவர் தயாராகவே இருந்தார். அதற்கான தேவை ஒருமுறைகூட வரவில்லை. அன்று, கண்ணைக் கட்டிக்கொண்டிருந்த நண்பர்களுக்கு முன்னால், மாற்றிய குரலில் விருந்தினராகப் பதில் சொல்லிக்கொண்டு, உடனே தன் சொந்தக் குரலில் நடத்துநராக அட்டையைத் திருப்பிக்கொண்டு, இரண்டு வேலைகளையும் அவர் ஒருவரே செய்தார்.